பட்டாசு லாரிக்குப் பின்னால்

எங்கள் தெருவிலிருந்த அந்தக் கார்ப் பைத்தியத்தை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஒல்லியான மனிதர். தோளில் கிடக்கும் மஞ்சள் துணியால் தன் மாருதியைத் துடைத்தபடி ரேஸைப் பற்றியே பேசுவார்.

என்னோடு கோபித்துக்கொண்டு விருதுநகரில் தன் மாமனார் வீட்டில் தங்கியிருந்த என் மகன், ஒருநாள் அங்கிருந்து ரயிலேறி வெளிநாட்டுக்குக் கிளம்பினான். அவனைப் பார்க்கச் சிவகாசியிலிருந்து அந்த மாருதியில்தான் போனேன்.

“டிவியில ஓட்டுறதெல்லாம் ரேஸா சார்? குறுக்க ஒரு ஆடு உண்டா, டவுன்பஸ் உண்டா? அவனுகள நம்ம ரோட்டுக்கு வரச் சொல்லுங்க!” என்றார்.

திருத்தங்கல் தாண்டியதும் முன்னால் ஒரு பட்டாசு லாரி போனது. அவர் வேகத்தைக் குறைத்து வெகுதூரம் பின்தங்கினார்.

“முந்துங்க, ரயில் போயிரும்!”

“பதறாதீக சார். வெடி லோடு. அத முந்துறவன் நம்ம ஊர்ல டிரைவரே இல்ல.”

“உம்ம ரேஸெல்லாம் வாயிலதானா?” என்று கத்தினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ரயிலின் கடைசிப் பெட்டி நடைமேடையைத் தாண்டிக்கொண்டிருந்தது.

தெரு முழுக்க அவரைத்தான் குறை சொன்னேன். மகனே முதலில் ஃபோன் செய்யட்டும் என்று கிளம்பவேண்டிய நேரத்தில் நான் வீட்டுக்குள் வீம்பாக உட்கார்ந்திருந்ததையும், அவர் வாசலில் வெகுநேரம் ஹாரன் அடித்துக்கொண்டிருந்ததையும் நான் சொல்லவில்லை. ஓயாமல் பேசும் அந்த மனிதரும் ஏன் சொல்லவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.