ஐந்தாவது பாராவில் கிடந்த லோங்காங்

போன வாரம் மலாக்கா நகராண்மைத் தேர்தலில் நாராயண பிள்ளை ஜெயித்துவிட்டார். அவருக்கு மாலை போட்டவர்களில் நானும் ஒருவன். அவரைத் தோற்கடிக்கப் பார்த்தவனும் நான்தான்.

பிள்ளை, கம்போங் செட்டிக்காரர். ரிட்டயர்டு கிளார்க். கோயில் விசேஷம் ஒன்றையும் விடமாட்டார். ஆனால் வீட்டில், வெளியில், கனவில் – எல்லாம் மலாய்தான். எந்தக் காலத்திலோ கப்பலேறி வந்து இந்த மண்ணோடு கலந்துவிட்ட மலாக்கா செட்டிகள் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும்.

அவருடைய முதல் கூட்டம் காஜா பேராங் வட்டாரத்தில். மழை பெய்தால் லோங்காங், அதாவது தெருச் சாக்கடை, அடைத்துக்கொண்டு தண்ணீர் வீடுகளுக்குள் வருவதைப் பற்றி மலாயில் விளக்கமாகப் பேசினார். தமிழ்ப் பத்திரிகைக்காக நிருபர் வரிசையில் இருந்த எனக்கு ஒரு வரி வந்து விழுந்தது.

'நெற்றியில் திருநீறு, நாவில் மலாய்.'

அழகான வரி... விடுவேனா? செய்தியை அதிலேயே தொடங்கினேன். லோங்காங் ஐந்தாவது பாராவுக்குப் போயிற்று. இடமில்லை என்று எடிட்டர் அந்தப் பாராவை வெட்டிவிட்டார்.

மறுநாள் தமிழர் கடைகளிலெல்லாம் அதே பேச்சு.

"ஒரே வரில ஆளையே முடிச்சிட்டீங்களே ஐயா" என்றார் மளிகைக் கடை காசிம் பாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அவருக்குத்தான் ஓட்டுப் போடலாம்னு இருந்தேன். இனிமே போட்டா நம்மளயும்ல சிரிப்பாங்க" என்று அவர் சேர்த்துச் சொன்னபோதுதான் சுருக்கென்றது.

செய்தியின் முதல் வரியைத்தான் ஊர் படிக்கிறது. மிச்சத்தை எழுதியவன் மட்டுமே படிக்கிறான். இத்தனை வருஷம் பேனா பிடித்த எனக்கு இது தெரியாதென்று சொன்னால் பொய்.

கடைசிக் கூட்டத்துக்கு நம் ஆட்கள் சிரிப்பதற்கென்றே வந்திருந்தார்கள். பிள்ளை வழக்கத்தைவிடப் பட்டையாகத் திருநீறு பூசியிருந்தார். என் வரியை ஒருவரை விட்டு மைக்கில் தமிழிலேயே படிக்கவைத்தார். பிறகு மலாயில் பேசினார்.

"பெத்துல். உண்மைதான். இந்த நெத்தி என் பாட்டன் கொடுத்தது. இந்த நாக்கு இந்த மண்ணு கொடுத்தது. நாளைக்குச் சுதந்திரம் வரும்போது ரெண்டுல எதைத் துடைச்சுப் போடறது?"

மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு... நம்ம லோங்காங் எந்தப் பாஷையில அடைச்சுக் கெடக்கு?"

மலாய்க்காரர்கள் சிரித்தார்கள். சீனர்கள் சிரித்தார்கள். தமிழர் பக்கத்தில் முதலில் கை தட்டியது – காசிம் பாய்.

மாலை போடும்போது "மன்னிச்சிடுங்க பிள்ளை" என்றேன். தெரிந்த தமிழையெல்லாம் கூட்டிச் சேர்த்து அவர் சொன்னார்: "வரி நல்லா இருக்கு ஐயா. லோங்காங் எங்கே?"

வெற்றிச் செய்தியையும் நானே எழுதினேன். 'காஜா பேராங் லோங்காங் ஜெயித்தது.'

இதை எடிட்டரால் வெட்ட முடியவில்லை. முதல் வரியாயிற்றே.