எட்டு மணி இட்லியும் காசிமேட்டு ஏலமும்

காலை 8.10. மந்தைவெளியிலிருந்து பாரிமுனைக்கு மாநகரப் பேருந்து. அங்கிருந்து காசிமேடு மீன்பிடித் துறைமுகம் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். ஆட்டோக்காரர் எழுபது கேட்டு நாற்பதுக்கு இறங்கினார்.

சுகாதாரத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டு கோப்பு தள்ளி ஓய்வு பெற்ற நான், 2001இல் ஓர் அறக்கட்டளைக்காகச் சர்க்கரை நோயாளிகளுக்கு வகுப்பெடுக்கப் போனேன். மடியில் நானே எழுதிய கையேடு, இருபத்தைந்து பிரதிகள். ஐந்து பேர் கையொப்பமிட்டு அங்கீகரித்தது. அந்த ஐவரில் எவரும் பாரிமுனைக்கு வடக்கே வந்தவர் இல்லை. நானும்தான்.

ராயபுரம் தாண்டியதும் கண்டெய்னர் லாரிகளின் வரிசை.

"எப்போது நகரும்?"

"முன்னாடி நிக்கிறானே சார், அவன் நேத்து வந்தவன். நாம இப்பத்தான வந்துகீறோம், அவசரப்பட்டா எப்டி?"

9.50. வலை பழுதுபார்க்கும் கூடத்தில் இருபத்திரண்டு பேர். முதல் பக்கம்: தினமும் அரை மணி நடக்கவும்; எட்டு மணிக்கு இட்லி சாப்பிடவும்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஏழுமலை கை தூக்கினார். "மூட்டையோட நடந்தா சேருமா சார், வெறுங்கையாத்தான் நடக்கணுமா?"

வண்ணாரப்பேட்டைத் துணிக்கடை காசிம் பாய் அடுத்து கேட்டார். "நோன்பு மாசத்துல அந்த எட்டு மணி இட்லிய யாருக்குக் குடுக்கறது?"

இரண்டுக்கும் கையேட்டில் விடை இல்லை. "பரிசீலிக்கப்படும்" என்றேன். துறையில் 'தெரியாது' என்பதற்கு மரியாதையான சொல் அதுதான்.

அப்போது மீன் விற்கும் தேசம்மா, காலில் கட்டோடு வந்து மாத்திரை அட்டையை என் மேசையில் வைத்தார்.

"இத்த நீயே வச்சிக்கோ நைனா. இனிமே நான் போடமாட்டேன்."

அவர் கால்விரலில் ஆறாத புண். சர்க்கரை அடங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். அறக்கட்டளை போன மாதமே அனுப்பிய என் கையேட்டை மகள் படித்துக் காட்டியிருக்கிறாள்.

"எய்ந்து பல்லு வெளக்குனதும் மாத்திரன்னு போட்டுகீது. நான் எய்ந்துக்கறது மூணு மணிக்கு. போட்டுக்கினேன். எட்டு மணிக்கு டிபன்னு போட்டுகீது. இட்லி பொட்டலம் கையிலயே கீது. ஆனா எட்டு ஆவலியே!"

ஆறு மணிக்கு ஏலத்தில் நின்றவருக்குக் கண் இருட்டியிருக்கிறது. பிடிமானத்துக்குக் கையைத் தூக்கி, அப்படியே ஒரு மீன்கூடைமேல் விழுந்திருக்கிறார். தூக்கிய கையைக் கண்ட ஏலக்காரர் ஏலத்தை முடித்துவிட்டார்.

"தண்ணி தெளிச்சி எய்ப்புனா, ரெண்டு கூடை காரப்பொடி மீனு என் பேருல! நான் வஞ்சிரத்தத் தவிர எத்தயும் வித்ததில்ல."

"மயக்கத்துலயும் சல்லிசாத்தான் கேட்டுகீது!" என்றார் ஏழுமலை. கூடமே சிரித்தது. தேசம்மா சிரிக்கவில்லை.

10.40. பெட்டிக்கடையின் ஒரு ரூபாய் தொலைபேசியில் அவருடைய மருத்துவரைப் பிடித்தேன். மூன்று நாணயம் விழுந்தது.

"பல் விளக்கியதும், எட்டு மணிக்கு என்ற இரண்டையும் கையேட்டில் அடித்துவிடுங்கள். அவருடைய முதல் சாப்பாட்டை ஒட்டித்தான் மாத்திரை. இட்லி கைக்கு வராமல் மாத்திரை வாய்க்குப் போகக் கூடாது. போட்டதும் சாப்பிட வேண்டும்."

அங்கீகரித்த கையேட்டைத் திருத்த மூன்று பிரதிகளில் குறிப்பு, குழு ஒப்புதல், மறு அச்சு: விரைவாக நடந்தால் ஏழு மாதம். விரல் அதுவரை பொறுக்காது. தேசம்மாவுக்கான பிரதியில் பல் விளக்குவதையும் எட்டு மணியையும் சிவப்புப் பேனாவால் அடித்தேன். அடித்த இடத்தில் சுருக்கொப்பமும் இட்டேன். பக்கத்தில் ஓர் இட்லி, அதை ஒட்டி ஒரு மாத்திரை வரைந்தேன்.

தேசம்மா உற்றுப் பார்த்தார். "இது இன்னா, ஆமையா?"

"இட்லி அம்மா."

"உன் வூட்டுல இட்லி இப்டித்தான் கீதா? பாவம் நைனா நீ."

மாத்திரை அட்டையை எடுத்துச் சுருக்குப்பைக்குள் போட்டுக்கொண்டார். "இன்னொரு வாட்டி வியுந்தேன்னு வையி, அந்தக் கூடை உன் வூட்டுக்குத்தான் வரும்."

பிற்பகல் 1.15. திரும்பும் பேருந்தில் சன்னலோர இருக்கை. மந்தைவெளியில் என் கையேடு எல்லோருக்கும் கச்சிதமாகப் பொருந்தும். எட்டு மணிக்கு வீடுதோறும் இட்லி வெந்துவிடும். ஆகவே அதை அங்கே யாரும் பிரித்ததில்லை. காசிமேட்டில் ஒருவர் அதை வரி பிசகாமல் கடைப்பிடித்து மீன்கூடைமேல் விழுந்திருக்கிறார். முப்பத்து நான்கு ஆண்டுகளில் நான் எழுதிய எதையும் யாரும் இவ்வளவு நம்பியதில்லை.