ஓட்டுநர் இல்லாத எடை

மானாம்பதியிலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில் ஓர் அரிசி ஆலை இருக்கிறது. அதன் எடை மேடையில் என் காரை ஏழு முறை ஏற்றியிருக்கிறேன். நெல் மூட்டை ஏற்றிய லாரிகளுக்கும் டிராக்டர்களுக்கும் நடுவில், பின் சீட் இல்லாத ஒரு குட்டிக் கார். சீட்டுப் போடுகிறவர் முதல் தடவை லோடு என்ன என்று கேட்டார். லோடு ஒன்றுமில்லை, வண்டியைத்தான் எடை போட வேண்டும் என்றேன். சரக்கு என்ற இடத்தில் 'காலி' என்று அடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த லாரியைக் கூப்பிட்டார். ஏழாவது முறைகூட ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன். கேட்கவில்லையே என்றும் இருந்தது. நான் அப்படிப்பட்ட ஆள்.

ஏன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பந்தயப் பாதை ஒன்று உண்டு. வருஷத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகள், என்னைப் போல ஆசைக்கு ஓட்டுகிறவர்களுக்கு அதைத் திறந்துவிடுவார்கள். முட்டி மோதி முந்துகிற வேலை அங்கே கிடையாது. வண்டிகளை ஒவ்வொன்றாக விடுவார்கள். ஒரு சுற்றுக்கு எத்தனை நொடி ஆகிறது என்பதுதான் போட்டி. யாரோடும் சேராமல், யாரோடும் மோதாமல், கடிகாரத்தோடு மட்டும் ஓட வேண்டியது. கேள்விப்பட்ட அன்றே இது எனக்காகவே வைத்த பந்தயம் என்று நினைத்தேன்.

எஞ்சின் மாற்றிய சின்ன வண்டிகளுக்கு அதில் தனி கிளாஸ் இருந்தது. வெளிக்கூடு கம்பெனியில் வந்தபடி இருக்க வேண்டும். முன் சீட் இரண்டும் இருக்க வேண்டும். எஞ்சின் ஆயிரத்து முந்நூறு சி.சி.க்கு மேல் போகக் கூடாது. வண்டி எவ்வளவு இலேசோ அவ்வளவு வேகம், ஆனால் எடை எழுநூறு கிலோவுக்குக் குறையக் கூடாது. ஒன்று தவறினாலும் ஓப்பன் கிளாஸில் தள்ளிவிடுவார்கள். அங்கே ஓடுவதெல்லாம் பெரிய பெரிய டர்போ வண்டிகள். அவற்றோடு என் வண்டியை விடுவது மாட்டு வண்டியை ரயிலோடு விடுகிற மாதிரி. எனக்கு அந்தச் சின்ன கிளாஸில், என் பேருக்கு எதிரே ஒரு நேரம் எழுதப்பட வேண்டும். நாற்பத்தெட்டு வயதில் வேறு ஒன்றுக்கும் நான் அவ்வளவு ஆசைப்படவில்லை.

கார் எங்களுடையதுதான். மகள் யு.கே.ஜி. படித்தபோது வாங்கிய எண்ணூறு சி.சி. வண்டி. இரண்டு வருஷம் முன்பு மகளுக்குத் தாம்பரத்தில் கல்லூரி கிடைத்தது. பெண்ணைத் தனியாக விடுவதா என்று மனைவியும் கூடப் போனாள். அங்கே ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலையும் தேடிக்கொண்டாள். சண்டை எதுவும் இல்லை. போகட்டுமா என்று கேட்டாள், போ என்றேன். கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம் என்று பஸ் கிளம்பிய பிறகு தோன்றியது. மாதம் ஒருமுறை வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவாள். மற்ற நாட்களில் ஒரகடத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட், ஷிப்ட் முடிந்தால் வீடு, வீட்டில் நான். சோறு வைத்தால் மீந்துபோனது. டி.வி. போட்டால் எரிச்சல் வந்தது. அதனால் எஞ்சினைக் கழற்றினேன்.

காஞ்சிபுரத்துப் பழைய வண்டிக் கடையில், விபத்தில் பின்பக்கம் நொறுங்கிய ஒரு காரின் ஆயிரத்து முந்நூறு சி.சி. எஞ்சின் கிடைத்தது. அது என் வண்டியின் மூக்குக்குள் உட்கார மறுத்தது. தாங்கிகளை வெட்டி, கேட் பற்றவைக்கும் பட்டறையில் புதிதாக அடித்து, மூன்றாவது தடவைதான் நேராக உட்கார்ந்தது. ரேடியேட்டருக்கு இடமில்லை, அதைச் சாய்த்து வைத்தேன். ஆர்.டி.ஓ. ஆபீஸில் புது எஞ்சினைப் புத்தகத்தில் ஏற்றுவதற்குள் ஊரில் ஒரு நவரைப் பட்ட நெல்லை நட்டு அறுத்துவிட்டார்கள். கழற்றிய சாமானையெல்லாம் தராசில் போட்டு நோட்டில் எழுதினேன். பின் சீட் பதினான்கு கிலோ. ஸ்டெப்னி பதினொன்று. தரை விரிப்பு ஐந்தரை. புதிதாகப் போட்ட பாதுகாப்புக் கம்பிக் கூண்டு முப்பத்தொன்று. எங்கே எத்தனை கிராம் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுப்பதுதான் என்னைக் கொன்றது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தின் பக்கத்தில் குனிந்து திருகைத் திறந்து மூட வேண்டும். மிதி, பிடி, விடு என்று சொல்ல வேண்டும். நான் சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் சவுக்குக் கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு ஓடிப்போய்த் திருகைத் திறந்தேன். பெடல் இறங்கியது, கட்டை விழுந்தது, காற்று திரும்ப உள்ளே போனது. பிறகு கட்டையில் சைக்கிள் டியூபைக் கட்டி இழுத்துப் பார்த்தேன். நான்கு சக்கரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. நடுவில் ஒருமுறை, யாருமில்லாத வண்டியைப் பார்த்து "மிதி" என்று நானே சொன்னேன்.

ஆள் இல்லாமல் இல்லை. வண்டியை நிறுத்தி வேலை பார்க்கிற என் கொட்டகையை ஒட்டித்தான் பம்புசெட்டுக்குப் போகிற வழி. பக்கத்து நிலத்துக்காரர் ஆரம்பத்தில் தினமும் நின்று, இன்னா பண்ணிக்கினு கீற என்று கேட்பார். கண்ணு தெரியலயா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அதோடு அவர் நிற்பதை நிறுத்தினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் நிறுத்தினார்கள்.

மனைவி தினமும் ஏழு மணிக்கு போன் செய்வாள். ஸ்பீக்கரைப் போட்டு போனைத் தரையில் வைத்துவிட்டு நான் வண்டிக்கு அடியில் படுத்திருப்பேன். அவள் பேசுவாள், நான் "ம்" என்பேன். அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருந்தால் எனக்குக் கை நன்றாக ஓடும். என்ன சொன்னாள் என்று கேட்டால் தெரியாது.

தை மாதம் ஏழாவது தடவையாக எடை மேடையில் ஏற்றினேன். எழுநூற்று ஐந்து என்று சீட்டு வந்தது. எல்லைக்கு மேல் ஐந்தே கிலோ. அதற்கு மேல் ஒரு பொட்டு இரும்பு இல்லை. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தனியாக ஒரு டீ குடித்தேன். அந்த வருஷத்திலேயே எனக்கு நல்ல நாள் அதுதான்.

மாசியில் பந்தயம். விடிந்தும் விடியாமலும் கிளம்பி நானே ஓட்டிப் போனேன். அங்கே ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கூட்டம். பந்தல், மடக்கு நாற்காலி, அண்ணன் தம்பி, டயருக்குக் காற்று பார்க்க ஒருவன், போட்டோ எடுக்க ஒருவன். நான் ஹெல்மெட்டையும் தண்ணீர் பாட்டிலையும் பக்கத்து சீட்டில் வைத்திருந்தேன். சோதனைக்கு என் முறை வந்ததும் நான்கு சக்கரத்துக்கும் அடியில் நான்கு எடைத் தட்டு வைத்தார்கள். எழுநூற்று நான்கு காட்டியது. நான் சிரித்தேன். சோதிக்கிற பையனும் மரியாதையாகச் சிரித்துவிட்டு, "சார், எறங்குங்க" என்றான்.

இறங்கினேன். எண் அறுநூற்று நாற்பதில் நின்றது.

விதி, ஓட்டுநர் இல்லாத எடை. தாளில் இருந்தது; நானும் பத்துத் தடவை படித்திருக்கிறேன். ஆனால் எங்கள் பக்கத்தில் எடை மேடையில் யாரும் இறங்குவதில்லை. லோடோடு ஒருமுறை, இறக்கிவிட்டு ஒருமுறை எடை போடுவோம். இரண்டு தடவையும் டிரைவர் உள்ளேயே இருப்பதால் அவர் எடை கழிந்துபோகும். சின்ன வயதிலிருந்து நெல் எடை போட்ட பழக்கம். காலி வண்டிக்குக் கழிக்க ஒன்றுமில்லை என்பது என் மண்டைக்கு உறைக்கவே இல்லை. ஏழு தடவையும் என்னையும் சேர்த்தே நிறுத்தியிருக்கிறேன். இரண்டு வருஷ வேலை அங்கேயே நாசமானது.

அறுபது கிலோ குறைகிறது. கல், மூட்டை எதையும் உள்ளே போட்டு எடையை ஏற்ற விதியில் இடமில்லை. அந்தப் பையன் நல்லவன். சின்ன கிளாஸில் முதல் தடவை ஓடுகிறவர்கள் பக்கத்து சீட்டில் ஒருவரை உட்கார வைக்கலாம், அவர் எடையும் சேரும் என்று சொன்னான். கூட வந்திருப்பவர் யாரையாவது உட்கார வைக்கச் சொன்னான். ஹெல்மெட் அவர்களே தருவார்களாம், என் முறை மூன்று மணிக்குத்தானாம். கூட யாரும் வரவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்துப் பந்தலில் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கிற ஜாதியா நான்?

பிறகுதான் மனைவி நினைவு வந்தது. தாம்பரம் ஒரு மணி நேரத் தொலைவு. அவள் அறுபது கிலோதான் இருப்பாள். சரியாக அறுபது. எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அவளைக் கூப்பிட இரண்டு வருஷத்தில் இப்போதுதான் எனக்கு ஒரு காரணம் கிடைத்திருந்தது. போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். உடனே கிளம்பி வா, ஆட்டோவிலேயே வந்துவிடு என்றேன்.

"எடைக்கா?" என்றாள்.

ஆமாம் என்றேன். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம்.

"நான் எவ்ளோ இருப்பேன்னு நெனச்சினு கீறீங்க?"

அறுபதுக்குக் குறையாது என்றேன், கிண்டலாக. அவள் சிரிக்கவில்லை.

"நாப்பத்தாறு. இன்னும் பதினாலு கிலோ வோணும். நான் வந்தாலும் உங்களுக்கு ஆவாது."

எப்படி, எப்போதிலிருந்து என்று கேட்டேன். சர்க்கரை என்றாள். கார்த்திகையிலேயே டாக்டர் சொல்லிவிட்டார், மாத்திரையில் அடங்கவில்லை, இப்போது ஊசி போட்டுக்கொள்கிறேன் என்றாள். ஏன் சொல்லவில்லை என்று நான் குரலை உயர்த்தினேன். கோபம் எனக்கு அவ்வளவு சுலபமாக வரும்.

"சொன்னேன். அன்னிக்கே போன்ல சொன்னேன். நீங்க 'ம்'முன்னீங்க."

ஒலிபெருக்கியில் யாரையோ கூப்பிட்டார்கள். உங்களைத்தான் கூப்பிடறாங்க போல, போங்க என்று அவளே போனை வைத்துவிட்டாள்.

ஓப்பன் கிளாஸில் ஓடினேன். கடைசியாக வந்தேன். வண்டி நன்றாகத்தான் ஓடியது. எந்த வளைவும் எனக்கு ஞாபகம் இல்லை. அங்கிருந்து நேராகத் தாம்பரம் போனேன். கதவைத் திறந்தவள் சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டுத் தோசை ஊற்ற உள்ளே போனாள். பின்னாலேயே போய் நின்றேன். ரவிக்கையின் இரண்டு பக்கமும் துணியைப் பிடித்து மடித்து ஊக்கு குத்தியிருந்தாள். ரவிக்கைக் கையிலும் அப்படியே குத்தியிருந்தாள்.

போன மாதம் வீட்டுக்கு வந்தாயே, அப்போதும் இப்படித்தான் குத்தியிருந்தாயா என்று கேட்டேன்.

"தீபாளிலேர்ந்து குத்திக்கினுதான் வரேன்," என்றாள், தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.