மனைவியின் விளையாட்டில் நான் கை வைத்த நாள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒத்தக்கடையில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் நடந்தது இது. என் மனைவி மிஷன் பள்ளி ஆசிரியை. மேலூர் ரோட்டில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்ததில் தொடை எலும்பு முறிந்து, பிளேட் வைத்து, ஆறு மாதம் வீட்டோடு கிடக்க வேண்டியதாகிவிட்டது.

பொழுது போகட்டும் என்று லேப்டாப்பில் கிடந்த ஒரு பழைய விளையாட்டைக் காட்டினேன். ஒரு கதாபாத்திரமாக மாறி, காடு, மலை, ஊர் என்று நம் இஷ்டத்துக்குச் சுற்றும் விளையாட்டு. எனக்கு இரண்டே நாளில் சலித்துப்போய்விட்டது. அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அதற்கென்று ரசிகர்கள் செய்து இலவசமாகப் போட்டிருக்கும் கூடுதல் சமாச்சாரங்களை மோட் என்பார்கள். தானே தேடித் தேடி எழுபது மோட் சேர்த்துவிட்டாள். மலையடிவாரத்தில் ஒரு வீடு, பெரிய பெரிய மரங்கள், கூடவே வரும் ஒரு கிழட்டு நாய். இவற்றை ஒழுங்காகப் போட்டு எடுக்க மோட் மேனேஜர் என்று ஒரு புரோகிராம் வேண்டும். அவள் வைத்திருந்தது ஆதி காலத்து மேனேஜர்.

எனக்கோ சாஃப்ட்வேர் வேலை. சும்மா இருப்பேனா? "இதையெல்லாம் இப்ப யாரும் தொடுறதே இல்ல" என்று பலமுறை சொன்னேன். "எனக்கு இது பழகிருச்சுங்க, விடுங்க" என்றாள். ஒரு சனிக்கிழமை அவள் தன் அண்ணனோடு பிசியோதெரபிக்குப் போயிருந்த நேரத்தில், பழையதை நீக்கிவிட்டுப் புது மேனேஜரைப் போட்டேன். வந்து பார்த்து அசந்துபோவாள் என்று நினைப்பு. நீக்கும்போது, மோட்களையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்டது. மறுபடி டவுன்லோடு செய்தால் போச்சு என்று ஆமாம் கொடுத்தேன்.

அங்கேதான் புத்தி கெட்டது. எந்த மோட்டுக்குப் பிறகு எது வர வேண்டும் என்று ஒரு வரிசை உண்டு. அது பிசகினால் ஆட்டம் மொத்தமும் குழம்பிவிடும். அந்த வரிசைப் பட்டியலும் பழைய மேனேஜரோடு அழிந்துபோயிருந்தது, எனக்கோ அது தெரியாது. அவள் வந்து திறந்தபோது வீட்டைக் காணோம், நாயைக் காணோம். வெறும் புல்தரையில் அவளுடைய ஆள் தனியாக நின்றுகொண்டிருந்தது.

அவள் சத்தம் போட்டிருந்தால் தேவலை. லேப்டாப்பை மூடினாள். "அங்கயாச்சும் நடந்துக்கிட்டிருந்தேன்" என்றாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

இந்த விளையாட்டை ஆடும் தமிழ் ஆட்களின் குரூப் ஒன்றில் நடந்ததை எழுதினேன். பலர் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் நம்பர் வாங்கி, மறுநாள் ஞாயிறு மதியம் கூப்பிட்டார். வாடிப்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாராம். நான் எடுத்த எடுப்பில், எந்த மேனேஜர் சிறந்தது என்று அளக்க ஆரம்பித்தேன்.

"அது கெடக்கட்டும்ணே. ஆடுறது யாரு? அவுங்ககிட்ட போனைக் குடுங்க" என்றார்.

புதிதாக எதையும் சேவ் செய்யாத வரை பழைய ஆட்டம் பத்திரம், அதே மோட்களை அதே வரிசையில் திரும்பப் போட்டால் போதும் என்று அவளுக்குத் தைரியம் சொன்னார். அவளுக்குப் பழகிய மேனேஜரிலேயே போடச் சொன்னார். பிறகு ஒவ்வொன்றாக, "அக்கா, அடுத்து எதைப் போட்டீங்க? எதுக்குப் போட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவள் வகுப்புப் பிள்ளைகளின் பெயரை வாசிப்பதுபோல் எழுபதையும் தடங்கலில்லாமல் சொன்னாள். நான் வாயை மூடிக்கொண்டு டவுன்லோடு செய்தேன்.

நடுவில் ஒரு மோட், ஆட்டத்தில் அவளுடைய ஆள் நினைத்த இடத்தில் உட்காருவதற்காகவே போட்டது. "அந்த ஆளு நாள் பூரா ஓடிக்கிட்டே இருக்குது தம்பி. அதுக்குக் காலு வலிக்காதா?" என்றாள். நாலு மாதமாகப் பக்கத்திலேயே இருக்கிறேன், எனக்கு இது தெரியாது. கண் கலங்கிவிட்டது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போனேன்.

நாய் மோட் மட்டும் இணையத்தில் எங்குமே கிடைக்கவில்லை. செய்தவரே எடுத்துவிட்டாராம். வாடிப்பட்டிக்காரர் தன் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் குடைந்து, ஒரு மணி நேரம் கழித்து அனுப்பிவைத்தார். ஆட்டத்தைத் திறந்தபோது வாசலில் நாய் படுத்திருந்தது. அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கதை அதோடு முடியவில்லை. அடுத்த வாரம் அவளே அவருக்குப் போன் போட்டு, இரண்டு மேனேஜருக்கும் என்ன வித்தியாசம் என்று பொறுமையாகக் கேட்டாள். ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து, எழுபதையும் புதியதற்கு மாற்றிக்கொண்டாள். நான் போட்ட அதே மேனேஜர்!

"இதைத்தானே நானும் போட்டேன்?" என்றேன்.

"நீங்க போட்டது நல்லதுதாங்க. என்னைய ஒரு வார்த்த கேக்கலையே" என்றாள்.

இப்போது அவள் பள்ளிக்குப் போகிறாள், நடையில் லேசான ஒரு சாய்வு மட்டும் இருக்கிறது. அவள் பஸ்ஸில் ஏறும்போது தாங்கிப் பிடிக்க என் கை தானாக நீளும், ஆனால் பிடிக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் பிடிக்கிறேன், முக்கால்வாசி நாள் வேண்டாம் என்கிறாள், அப்படி அவள் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கிறது.