ஓதலுக்குப் பின்னால் ஓடிய அரவை மில்

என் மகள் வேதத்தை முழுதும் ஓதி முடித்த வருடம் அவள் அத்தா, என் வீட்டுக்காரர், சவூதியில் இருந்தார். போய் மூன்று வருடமாகியும் லீவு கிடைக்கவில்லை. ஓதி முடித்த அன்று தெருவுக்கெல்லாம் இனிப்பு கொடுத்தோம். அவருக்கு மட்டும் ஒன்றும் போய்ச் சேரவில்லை. "புள்ள ஓதுறதை சிடியில போட்டு அனுப்பு" என்று போனில் கேட்டார். மகளின் படிப்புக்கென்று வாங்கிய கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தது. அவளே ஒரு குச்சி மைக்கைச் செருகிப் பதிந்து அனுப்பினாள்.

பத்து நாளில் போன் வந்தது.

"ஏன் புள்ள, அவ ஓதுறதுக்குப் பின்னாடி எந்த அரவை மில்லு ஓடுது?"

"நம்ம தெருவுல ஏதுங்க மில்லு?"

"அப்ப நீதான் கொறட்டை விட்டிருக்கே. ரூம்ல ஆறு பேரும் அதைத்தான் சொல்றானுங்க."

சிரித்தார். பிறகு, "அவ குரலு சரியாவே கேக்கல புள்ள" என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் சவூதியில் இவர் இருக்கிற ஊருக்கே புறப்படுவதாக இருந்தார். அவரை விட்டால் நோன்புப் பெருநாள் கழித்துத்தான் ஆள். புதன்கிழமையே தஞ்சாவூர்க் கம்ப்யூட்டர் கடைத் தம்பியை வரவழைத்தேன். சவுண்டு கார்டு கெட்டிருக்கும் என்று புதிது ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். உர்ர் என்ற இரைச்சல் அப்படியே இருந்தது.

"இனி சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேலதான்க்கா" என்றார். வீட்டுக் கரண்டை வாங்கிக் கம்ப்யூட்டருக்குத் தக்கபடி குறைத்துக் கொடுக்கிற தகரப் பெட்டிக்கு அந்தப் பெயர்.

"கரண்டு பொட்டிக்கும் சத்தத்துக்கும் என்ன தம்பி சம்பந்தம்?"

"சவுண்டு கார்டு இதுலேருந்துதானே கரண்டு குடிக்குது? இது கலங்கலாக் குடுத்தா அது கலங்கலாத்தான் பாடும்."

பையிலிருந்து கனமான பெட்டி ஒன்றை எடுத்து மாட்டினார். இரைச்சல் பாதி குறைந்தது, நிற்கவில்லை. கம்ப்யூட்டரின் தகரத்தில் விரலை வைத்தவர் சுர்ரென்று கரண்டு அடிக்கவே கையை எடுத்தார். "எர்த் எங்கக்கா அடிச்சிருக்கு?" எனக்குத் தெரிந்தால்தானே. வயரிங் செய்தவர் எங்கேயோ குழி தோண்டியது மட்டும் ஞாபகம். கடைத் தம்பி டீ குடிக்கப் போனார். பிற்பகல் அஸர் தொழுகை நேரமாகிவிட்டதால் நான் கை கால் முகம் கழுவி ஒளு செய்து தொழுதேன். அவர் திரும்பி வந்து மகளை ஓதச் சொல்லிக் கேட்டால், குரல் மட்டும் தனியாக, தெளிவாக வந்தது.

"பாத்தீங்களா, எல்லாம் புதுப் பொட்டியோட வேலை" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

மறுநாள் காலை பதிய உட்கார்ந்தால் மில் மறுபடி ஓடியது. போன் செய்தேன். "நேத்து நானே கேட்டுட்டுத்தானக்கா வந்தேன்" என்றார். அவரைச் சொல்லி என்ன செய்ய. நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்தேன். மகள் ஹெட்போனோடு துள்ளிக்கொண்டிருந்தாள். "ம்மா, நின்னுடுச்சு." உடனே பதிய ஆரம்பித்தோம். அரை மணி ஓதியிருப்பாள், இரைச்சல் மெல்ல மெல்ல மேலே ஏறி வந்தது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நேற்று தொழுதேன், நின்றது. இன்றும் அப்படித்தான். தொழுகையின் பரக்கத், அதனால் இறங்கிய அருள் என்றே நம்பினேன். "நீ அப்படியே இரு, ரெண்டு ரக்அத் தொழுதுட்டு வர்றேன்" என்று கொல்லைக்கு ஓடி மறுபடி ஒளு செய்து, தொழுது, வந்து நின்றேன்.

"நின்னுச்சா?"

"நின்னுச்சு. ஆனா நீங்க தொழுததுக்கு அப்புறம் இல்லம்மா. குழாயைத் திறந்து மூஞ்சி கழுவினீங்கள்ல, அப்பவே நின்னுடுச்சு."

இரண்டு பேரும் கொல்லைக்கு ஓடினோம். குழாயடியில் நான் ஒளு செய்யும் தண்ணீர் சின்ன வாய்க்காலாக ஓடிச் சுவர் ஓரத்து மண்ணில் இறங்குகிறது. அந்த மண்ணிலிருந்து ஓர் இரும்புக் குழாய் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அதில் கட்டிய கம்பி சுவரேறி வீட்டுக்குள் போனது. வயரிங் செய்தவர் தோண்டிய குழி இதுதான். ஆற்றில் தண்ணீர் விடாத சித்திரை மாதம். சுற்றிலும் தரை வெடித்துக் கிடந்தது. என் ஒளுத் தண்ணீர் போகிற இடம் மட்டும்தான் ஈரம்.

தொழாமல், ஓதாமல், வெறுமனே ஒரு வாளி தண்ணீரை அதன் தலையில் கொட்டினேன். உள்ளே ஓடிப்போய் ஹெட்போனை மாட்டிய மகள் ஜன்னல் வழியே கத்தினாள். "சுத்தமா இல்லம்மா, சுத்தமா இல்ல."

கடைத் தம்பிக்கு போனில் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டார் போல. "எர்த்துக் குழி காஞ்சு கெடந்திருக்குக்கா. எஸ்எம்பிஎஸ் கழிச்சு விடுற கரண்டு மண்ணுக்குப் போக வழியில்லாம உள்ளேயே நின்னு சவுண்டு கார்டுல ஏறியிருக்கு."

"அப்ப புதுப் பொட்டி வேண்டாமா தம்பி?"

"அதைக் கழட்டிடாதீங்கக்கா, பாதி சத்தத்தை அதுதான் கொறைச்சுது."

பிறகொரு நாள் அவர் வந்து பழைய பெட்டியையே மாட்ட, குழியில் தண்ணீரும் ஊற்றிப் பார்த்தோம். லேசான முனகல் இருக்கத்தான் செய்தது. பெட்டியும் வேண்டும், ஈரமும் வேண்டும்.

பரக்கத் என்று நினைத்ததற்கு நான் வெட்கப்படவில்லை. ஐந்து வேளை ஒளு இல்லாவிட்டால் அந்தக் குழிக்குத் தண்ணீர் ஏது?

அந்த வியாழக்கிழமை மாலைக்குள்ளேயே பதிந்து முடித்தோம். காய்ந்த மண் ஊற்ற ஊற்றக் குடித்தது. மகள் உள்ளே ஓத ஓத, நான் ஜன்னலுக்கு வெளியே குந்தி உட்கார்ந்து சொம்பு சொம்பாக ஊற்றிக்கொண்டே இருந்தேன். வெள்ளிக்கிழமை சிடி புறப்பட்டது.

அடுத்த வாரம் அவர் பேசினார்.

"மில்லு நின்னு போச்சு புள்ள. ஒவ்வொரு எழுத்தும் கேக்குது. ஆனா பின்னாடி யாரு தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கா?"

"நான்தாங்க. அதுவும் கேக்குதா? வேணும்னா மறுபடி பதிஞ்சு—"

"ஒண்ணும் வேணாம். இது இப்படியே இருக்கட்டும்" என்றார். "அவ ஓதுறா, நீ தண்ணி ஊத்துறே. கண்ணை மூடுனா நான் கொல்லையில நிக்கிறேன்."