எது வரைக்கும் கேட்டுது?

போன் பாதியில் அறுந்தால் ஜெயசித்ரா உடனே திரும்பக் கூப்பிடமாட்டார். திரையைத் துப்பட்டா நுனியால் துடைப்பார், ஒரு வாய் டீ குடிப்பார், பிறகுதான் எண்ணை அழுத்துவார். எடுத்ததும் முதல் கேள்வி: "எது வரைக்கும் கேட்டுது?" விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும்.

மூலக்குளத்தில் மருந்துக் கடை மாடியில் எங்கள் அலுவலகம். செயலிக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவே நின்று பேச்சைக் கொண்டுபோய்க் கொண்டுவருகிற டிரைவர் என்ற நிரல்தான் அவர் பொறுப்பு. மதியம் அவர் டப்பாவைத் திறந்தால் ஏசி அறை முழுக்க அவர் ஊரான வீராம்பட்டினத்து மீன் வாசம்.

போன மாதம் ஒரு காலை, மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் பதிவு செய்கிற எங்கள் செயலி முடங்கிவிட்டது. ஐஸ் இல்லாமல் போனால் பிடித்த மீன் கரைக்கு வருமுன் கெட்டுவிடும். படகுகள் கிளம்பாமல் நின்றன. புதிய டிரைவரை எழுதிய எழிலரசன் ஜெயசித்ராவிடம் ஓடிவந்தான்.

"சர்வர் செத்துப்போச்சுக்கா."

ஜெயசித்ரா திரையில் ஓடிய ஒரு படகு எண்ணைப் பார்த்துப் புருவத்தைச் சொறிந்தார். யாரோ இல்லாத படகுக்கு ஐஸ் கேட்டிருக்கிறார். 'அப்படிப் படகு இல்லை' என்று தரவுத்தளம் ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறது. எழிலரசனின் நிரலோ அதைக் கேட்டதும் இணைப்பையே அறுத்துவிட்டு, புது இணைப்பு போட்டு அதையே கேட்டிருக்கிறது. ஓயாமல். மற்றவர்கள் நுழைய வழியில்லை.

"இல்லன்னு பதில் சொல்றவன் உயிரோடதான்டா இருக்கான். சொன்னத வாங்கி கேட்டவங்ககிட்ட குடு. லைன் அப்படியே இருக்கட்டும்."

"நெஜமாவே அறுந்துட்டா? திரும்ப அனுப்பிடலாமா?"

"முன்ன அனுப்புனது போய்ச் சேந்துதான்னு பாத்துட்டு அனுப்பு. இல்லன்னா ஒரே படகுக்கு ரெண்டு வண்டி ஐஸ் வந்து நிக்கும். நீதான் போய் நக்கணும்."

இத்தனையும் தோளில் போனை இடுக்கிக்கொண்டு. மறுமுனையில் அவருடைய அம்மா போடும் சத்தம் எங்கள் மேசை வரை கேட்டது. "ம்." "சொல்லும்மா." "பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"கட் பண்ணுங்கக்கா, வேல கெடுது" என்றான் எழிலரசன்.

"திட்டத்தான செய்றாங்க. அறுந்தா போச்சு?" தோள் இன்னும் கொஞ்சம் இறுகியது.

மதியத்துக்குள் ஐஸ் வண்டிகள் கிளம்பிவிட்டன.

அடுத்த வாரம் டப்பாவில் வஞ்சிரம் வந்த அன்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. அன்று திரையில் ஓடிய எண், ஜெயசித்ரா வீட்டில் விற்றுவிட்ட பழைய படகினுடையது. புதுசு வாங்கிய பிறகும் அம்மா கைப்பழக்கத்தில் அதையே அடித்திருக்கிறார். ஜெயசித்ராவுக்குப் பார்த்ததுமே புரிந்திருக்கிறது. ஆனால் நிரல் சரியாகி, 'படகு இல்லை' என்று அம்மாவின் போனே காட்டும்வரை எண் தப்பென்று அவர் அம்மாவிடம் சொல்லவில்லை; பதிலைக் கேட்டவரிடம் கொண்டுசேர்ப்பது நிரலின் வேலை. அத்தனை நேரமும் கரையில் ஐஸுக்காக நின்ற படகுகளில் ஒன்று அவர் அப்பாவுடையது.