சும்மா கொடுத்ததற்கு வந்த பணம்

தொண்ணூறுகளின் கடைசியில் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகைகளைக் கணினியில் தட்டித் தயார் செய்வதுதான் வேலை. அப்போதெல்லாம் ஒருவர் தமிழில் தட்டியதை இன்னொருவர் கணினியில் திறந்தால் எழுத்தெல்லாம் உடைந்து கிடக்கும். அந்தத் தொல்லை தாங்காமல், மின்னஞ்சலில் பழக்கமான சிலரோடு சேர்ந்து ஒரு சின்ன மென்பொருள் எழுதினேன். நிரலையும் சேர்த்தே இலவசமாகக் கொடுத்தோம். யாரும் எடுக்கலாம், திருத்தலாம்.

ஒரு நாள் எங்கள் குழுவை நடத்திவந்த, பூச்சோங்கில் இருக்கும் இஞ்சினியர் அச்சகத்துக்கே வந்து, ஓர் உறையை மேசையில் வைத்தார். மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் ஊர் ஊராகச் சேர்த்து அனுப்பிய பணமாம், எழுதியவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி.

"நான் விலை ஒண்ணும் சொல்லலையே அண்ணே."

"அவங்களும் விலையா அனுப்பல. எப்படிப் பிரிக்கிறதுன்னு எனக்கே தெரியல. எல்லாருக்கும் சமமாப் போட்டுட்டேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று உறையை அவரிடமே கொடுத்தனுப்பினேன். சம்பளம் என்றால் முதலாளி யார்? அன்பளிப்பு என்றால், முகம் தெரியாதவர்கள் எனக்கு எதற்குத் தர வேண்டும்? வேலை முடிந்து கிள்ளானில் வீட்டுக்குத் திரும்பியதும் கணவரிடம் கேட்டேன்.

"மொய்னு வச்சுக்கயேன்" என்றார்.

மொய் வாங்கினால் திருப்பிச் செய்ய வேண்டும். யார் வீட்டு விசேஷத்துக்கு என்று போய்ச் செய்வது?

எனக்குப் பணம் வேண்டாம் என்று குழுவுக்கு எழுதிவிட்டேன். பெரிய மனசு என்று ஆளாளுக்குப் பதில் போட்டார்கள். மறுநாள் ஜெஞ்சாரோமிலிருந்து போன் வந்தது. எங்களோடு நிரல் எழுதிய இளைஞர்.

"அக்கா, நான் வாங்கிட்டேன். ஃபாக்டரியில என்னை நிறுத்திட்டாங்க, யார்கிட்டயும் சொல்லல. இப்ப எல்லாரும் உங்களப் புகழ்றாங்க. நான் திருப்பிக் கொடுத்திடணுமா?"

"உங்களை நினைச்சு எழுதலையே தம்பி."

"தெரியும்லா. ஆனா படிக்கிறப்ப அப்படித்தான் இருக்கு."

வேண்டாம் என்பது என் சொந்த விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த வார இறுதியில் பஸ் பிடித்துப் பூச்சோங் போய் உறையை வாங்கிக்கொண்டேன். அதையும் குழுவுக்கு எழுதினேன். இம்முறை பாராட்டு ஒன்றும் வரவில்லை. யாரோ ஒருவர் மட்டும், 'ஸ்ரீ' எழுத்து சரியாக விழவில்லை, எப்போது திருத்துவீர்கள் என்று கேட்டிருந்தார்.

முன்பு இப்படி யாராவது சொன்னால், சாப்பாட்டைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு உட்காருவேன். அன்றைக்குக் கை ஓடவில்லை. செய்தால் காசுக்குச் செய்வதுபோல் இருந்தது. செய்யாவிட்டால் காசை வாங்கிக்கொண்டு ஏமாற்றுவதுபோல் இருந்தது. கடைசியில் ஜெஞ்சாரோம் தம்பிதான் அதைத் திருத்தி அனுப்பினார்.

"காசு வாங்கிட்டுத் திருத்துறப்ப உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?" என்று அவரிடம் கேட்டேன்.

"என்ன தோணணும் அக்கா?"